முற்றுக் காணாத வினை



தமிழிலக்கணம் வினையை முற்று என்றும் எச்சம் என்றும் பகுத்துக் காட்டும். 'வந்தான்' என்றால் பொருள் நிறைவடைகிறது. 'வந்து' என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். சொற்றொடரில் அந்தக் காத்திருப்பு ஒரு நொடிதான். ஒரு மனிதனின் வாழ்வில் அது இருபது, முப்பது ஆண்டுகளாக நீளுமாயின் அவன் நாள்களை எவ்வாறு கழிப்பான்? லிபிய நாட்டவராகி, இலண்டனில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதும் ஹிஷாம் மத்தர் என்னும் எழுத்தாளரின் வாழ்வும் நூல்களும் இந்த வினாவிற்கான விடையாக அமைந்துள்ளன.

1969 செப்டம்பர் 1 அன்று முவம்மர் கடாபியின் தலைமையில் படையதிகாரிகள் சிலர் லிபிய மன்னராட்சியைக் கவிழ்த்தனர். அடுத்த 42 ஆண்டுகள் அந்நாடு ஒரு மனிதரின் பிடியில் இருந்தது. ஹிஷாமின் தந்தை ஜாபல்லா மத்தர் படையதிகாரியாக இருந்து, பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் லிபியத் தூதுக்குழுவில் பணியாற்றியவர். அக்காலத்தில்தான், 1970இல், நியூயார்க்கில் ஹிஷாம் பிறந்தார். திரிபோலி நகரில் வளர்ந்தார். தந்தை ஆட்சியை எதிர்க்கத் தொடங்கியதால் 1979இல் குடும்பம் நாட்டைவிட்டு நீங்கி எகிப்தின் கெய்ரோவில் குடியேறியது. நாட்டைப் பிரிந்தபோது ஹிஷாமுக்கு வயது எட்டு.

நாடு கடந்தவர்க்கு அச்சம் நீங்கிவிடும் என்று எண்ணுவது இயல்பு. லிபியர்க்கு அது வாய்க்கவில்லை. 1980 ஏப்ரல் 11 அன்று, பி.பி.சி. அரபு ஒலிபரப்பில் பணியாற்றிய முகம்மது முஸ்தபா ரமதான் இலண்டனில், ரீஜண்ட்ஸ் பூங்கா பள்ளிவாசலின் வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். 1984 ஏப்ரல் 17 அன்று செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்தின் முன் கூடியிருந்தோர்மீது அக்கட்டடத்தின் சாளரத்திலிருந்தே துப்பாக்கி வெடித்தது. கூட்டத்தில் பலர் காயமுற்றனர். காவல் பணியிலிருந்த இவோன் பிளெட்சர் என்னும் இளம்பெண் உயிரிழந்தார். அன்று கூடியவர்களில் பலர் முகத்தை மறைத்திருந்தனர். இலண்டன் தெருவில் ஒருவரது முகம் தெரிந்துவிட்டால் திரிபோலியிலும் பெங்காசியிலும் அவருடைய வீட்டார் துன்புறுவர் என்பதே காரணம்.

அந்த நாளைக் கருவாகக் கொண்டு மத்தர் எழுதிய நாவல் 'என் நண்பர்கள்' என்ற பொருள்படும் தலைப்புடன் 2024இல் வெளிவந்தது. அதில் காயமுறும் மாணவன் காலித் பெற்றோர்க்கு உண்மையைச் சொல்ல முடியாமல் தவிக்கிறான். தொலைபேசியில் மூன்றாவது செவி ஒன்று எப்போதும் இருக்கிறது. ஆகவே தாயிடம் நலமே என்கிறான். ஊருக்கு வராததற்குக் காரணங்களைப் புனைகிறான். பாடம் நடத்துவதும் வாடகை கொடுப்பதும் நண்பரோடு தெருக்களில் நடப்பதுமாக இலண்டனில் அவன் வாழ்வு உருக்கொள்கிறது. தற்காலிகம் என்று தொடங்கியதே வாழ்க்கையாகி விடுகிறது. 2011இல் கிளர்ச்சி மூண்டபோது நண்பர் இருவர் நாடு திரும்புகின்றனர். காலித் திரும்பவில்லை. அதைக் கோழைத்தனம் என்று நூல் பழிக்கவுமில்லை. அறிவுடைமை என்று போற்றவுமில்லை. எளிதில் தீர்ப்புச் சொல்லாத இந்தப் பண்பு எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியரின் வாழ்வில் தேட வேண்டும்.

இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தபோது பாதுகாப்புக் கருதி ஹிஷாம் வேறொரு பெயரை ஏற்றார். தாய் எகிப்தியர், தந்தை அமெரிக்கர் என்பது சொல்லிக்கொள்ள வேண்டிய கதை. அதே பள்ளியில் லிபிய மாணவன் ஒருவன் அவருக்கு நெருங்கிய நண்பனானான். தன் ஊர்க்காரனிடம் தன் ஊரைச் சொல்ல முடியாத நட்பு அது. பள்ளியை விட்டுப் பிரியும் வேளையில்தான் தம் உண்மைப் பெயரை அவனிடம் கூறினார்.

1990 மார்ச்சு மாதம் கெய்ரோ வீட்டிலிருந்து ஜாபல்லா மத்தரை எகிப்தியப் பாதுகாப்புத் துறையினர் அழைத்துச் சென்று லிபிய அரசிடம் ஒப்படைத்தனர். ஹிஷாமுக்கு அப்போது 19 வயது, இலண்டனில் மாணவர். சில ஆண்டுகள் கழித்து, திரிபோலியின் அபு சலீம் சிறையிலிருந்து மறைவாகக் கடத்திவரப்பட்ட கடிதங்கள் குடும்பத்தை அடைந்தன. பின்னர் அவையும் நின்றன. 1996 சூன் மாத இறுதியில் அச்சிறையில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அது தெரியாத குடும்பங்கள் பல ஆண்டுகள் சிறைவாயிலுக்கு உணவும் உடையும் கொண்டுசென்று கொடுத்து வந்தன. காவலர்கள் அவற்றை வாங்கியும் வைத்தனர். இறந்தவர் பெயரால் வாங்கப்பட்ட அந்த உணவைப் பற்றி எண்ணும்போது சொல் தடுமாறுகிறது.

ஜாபல்லா கொல்லப்பட்டவர்களுள் ஒருவரா என்பது உறுதிப்படவில்லை. 2002இல் அவரை உயிருடன் கண்டதாக ஒருவர் கூறிய செய்தி 2010இல் வந்தது. இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட வேளையில் மீண்டும் ஒரு கதவு திறந்தது. இங்கேதான் இலக்கணம் இடர்ப்படுகிறது. தந்தையைப் பற்றிப் பேசும் மகன் 'இருக்கிறார்' என்பதா, 'இருந்தார்' என்பதா? இறந்தவர்க்கு இரங்கற்பா உண்டு. பிரிந்தவர்க்குப் பாலைத்திணை உண்டு. காணாமற் போனவர்க்கு எந்தக் காலத்தில் வினையை முடிப்பது?

இந்த முடியாமையோடு வாழ மத்தர் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டார். தந்தையை இழந்த அதே ஆண்டில், இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திற்குச் சென்று ஒரே ஓவியத்தின் முன் நிற்கத் தொடங்கினார். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. ஓவியங்களை வரிசையாகப் பார்த்துச் செல்லாமல், ஒன்றைத் தேர்ந்து, நாள் பல, வாரம் பல, அதனிடமே மீண்டும் மீண்டும் போவார். அது தன்னை முழுதும் காட்டிவிட்டது என்று தோன்றிய பின்னரே அடுத்ததற்கு மாறுவார். விடை கிடைக்காத ஒன்றின் முன் அவசரமின்றி நிற்கக் கற்கும் பயிற்சி இது எனலாம்.

சிறைப்படுகொலை நடந்த நாளில் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பின்னாளில் பழைய நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். அன்று அவர் சென்று நின்றது பேரரசர் மாக்சிமிலியன் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை எதுவார் மனே தீட்டிய ஓவியத்தின் முன். ஓவியர் இறந்தபின் துண்டு துண்டாக வெட்டி விற்கப்பட்டு, தெகா என்னும் மற்றோர் ஓவியரால் தேடிச் சேர்க்கப்பட்ட படம் அது. அதில் பேரரசரின் உருவம் கிடைக்கவில்லை. அருகில் நிற்பவரின் பிடியில் அவருடைய கை மட்டும் எஞ்சியுள்ளது. தற்செயலே ஆயினும், அந்த வெற்றிடத்தின் பொருள் மத்தருக்கு வேறெவரையும்விட நன்கு விளங்கியிருக்கும்.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அபு சலீமில் இரவு அடங்கியபின் ஓர் அறையிலிருந்து கவிதை ஒலிக்கும். தமக்கு மனப்பாடமான பாடல்களை ஜாபல்லா உரக்கச் சொல்வார். அதே சிறையில் அடைபட்டிருந்த உறவினரும் பிறரும் அக்குரலைக் கேட்டனர். நூலும் தாளும் மறுக்கப்பட்ட இடத்தில் கவிதை நினைவிலிருந்து உயிர்பெற்றது. அவர் உயிருடன் இருந்தார் என்பதற்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று அந்தக் குரல்.

சிறையில் மடிந்தோரின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் பாத்தி தெர்பில் 2011 பிப்ரவரி 15 அன்று பெங்காசியில் கைதானதே கிளர்ச்சிக்குப் பொறியாயிற்று. அவ்வாண்டு ஆட்சி வீழ்ந்தது, சிறைக்கதவுகள் திறந்தன. ஜாபல்லா அங்கில்லை. 2012 மார்ச்சில், 33 ஆண்டுகளுக்குப் பின், மத்தர் தாயகம் சென்றார். உடலோ கல்லறையோ இறந்த நாளோ கிட்டவில்லை. அப்பயணத்தைக் கூறும் 'மீள்வருகை' நூல் 2016இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. நாட்டிலோ 2014இல் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டது.

தாய்மொழியில் எழுதாதவர் தாயகத்தை எழுத முடியுமா என்ற ஐயம் எழக்கூடும். பெங்காசியில் 1964இல் பிறந்து, 1979இல் அமெரிக்கா சென்ற கவிஞர் காலித் மத்தாவா ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே அரபுக் கவிதைகளை மொழிபெயர்க்கிறார். துவாரக் இனத்தவரான இப்ராஹிம் அல்-கோனி பன்னிரண்டு வயதில் கற்ற அரபியில், சுவிட்சர்லாந்தின் மலைகளிடையே இருந்துகொண்டு சகாராப் பாலைவனத்தை எழுதினார். மொழி எதுவாயினும், விட்டு வந்த மண்ணுக்கு உண்மையாய் இருப்பதே அளவுகோல் என்பதை இம்மூவரும் மெய்ப்பிக்கின்றனர்.

கவிதையை முடிக்க வேண்டும் என்ற ஆசை கவிஞர் எவர்க்கும் உண்டு. கடைசி அடியில் ஆறுதல் ஒன்றை வைத்துவிட்டால் படிப்பவரும் மகிழ்வர். மத்தர் தம் தந்தைக்கு அத்தகைய அடியை எழுதவில்லை. எழுதியிருந்தால், அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறும் பொய்யாக அது ஆகியிருக்கும். கொன்றவர்கள் மறைத்ததை மகனே மூடி வைத்ததாகவும் ஆகியிருக்கும். எச்சத்தை எச்சமாகவே விட்டு, அதன் அருகில் நாள்தோறும் நிற்பதும் அன்புதான். அதுவும் இலக்கியத்தின் கடமைதான்.