கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

(விழிஞ்ஞத்தில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலம் 1837 முதல் 1901 வரை நீடித்தது. அக்காலத்து இங்கிலாந்து என்றதும் நிலக்கரிப் புகையும், பஞ்சாலைகளில் உழைத்த குழந்தைகளும், இந்தியாவைச் சூறையாடிய பஞ்சங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. அத்தகைய சமுதாயத்திடம், இயற்கையை அழிக்காத எதிர்காலத்துக்காகக் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலாளித்துவத்தின் மூர்க்கம் முழுமையாக வெளிப்பட்ட இடம் அது. அதற்கு முதல் கடிவாளங்கள் பூட்டப்பட்ட இடமும் அதுவே. அக்கடிவாளங்களுள் ஒன்று, இன்று விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் வரையப்பட்டிருக்கிறது. ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் கொண்ட அந்தக் குறியின் பெயர் சுமைக்கோடு. அக்கோடு நீரில் மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றக்கூடாது என்பது விதி.

சவப்பெட்டிக் கப்பல்கள்

1870களில் பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் பலர் பழைய கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, மதிப்புக்கு மேல் காப்பீடும் செய்து கடலுக்கு அனுப்பினர். கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு நட்டமில்லை. மாலுமியின் குடும்பம்தான் தெருவில் நின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின், கப்பலின் நிலையைக் கண்டு ஏற மறுத்த மாலுமிகள் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மக்கள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தனர்.

நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இக்கொடுமையை நூலாக வெளியிட்டார். தொழிற்சங்கங்கள் அவருக்குத் துணை நின்றன. 1875இல் அரசு மசோதாவைக் கைவிட முயன்றபோது அவர் அவையிலேயே கொதித்தெழுந்தார். நாடெங்கும் கிளர்ச்சி பரவியது. 1876இல் சுமைக்கோடு சட்டமானது. ஆயினும் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை அச்சட்டம் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அதையும் சட்டமே வரையறுப்பதற்கு 1890 வரை போராட வேண்டியிருந்தது. 1906இல் அதிகச் சரக்கு ஏற்ற வசதியாகக் கோட்டை மேலே நகர்த்தவும் அரசு இடமளித்தது. வென்றெடுத்த எல்லையையும் காவல் காக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆய்வாளர் வாயிலில் நுழைந்தபோது

உப்பிலிருந்து சோடா தயாரித்த ஆலைகள் கக்கிய அமில வாயு, சுற்றியிருந்த பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயுவில் 95 விழுக்காட்டை ஆலையிலேயே அடக்கிவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் அதன் முதல் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். கழிவாகப் பறந்த அமிலமே பின்னர் சலவைத் தூள் தயாரிக்கும் மூலப்பொருளாயிற்று. எல்லை விதித்தால் தொழில் அழியும் என்ற கூக்குரல் அன்றே பொய்த்தது.

1847ஆம் ஆண்டின் பத்து மணி நேர வேலைச் சட்டத்துக்கும் இதே வரலாறு உண்டு. தொழிலாளி வர்க்கத்தின் பொருளாதாரக் கொள்கை பெற்ற வெற்றி என்று 1864இல் மார்க்ஸ் அதைப் பாராட்டினார். மூலதனம் நூலை எழுத, லெனார்ட் ஹார்னர் போன்ற ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை அவர் பெரிதும் பயன்படுத்தினார். தொழிலாளியின் உடலை உறிஞ்சும் அதே மூலதனம் மண்ணின் வளத்தையும் உறிஞ்சுகிறது என்று அந்நூலில் நிறுவினார்.

ஆனால் அச்சமுதாயத்தின் கடிவாளம் உள்நாட்டு எல்லையோடு நின்றுவிட்டது. வளமிழந்த ஆங்கிலேய வயல்களுக்குப் பெருவின் சிஞ்சா தீவுகளிலிருந்து பறவை எச்சம் கப்பல் கப்பலாக வந்தது. அதை வெட்டியெடுத்தோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள். கேரளத்தில் 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் காடு அழிந்து தோட்டமானது. தமிழ்நாட்டு ஏழைகள் அங்கு கூலிகளாயினர். தாய்நாட்டில் தடுக்கப்பட்ட கொள்ளை காலனிகளுக்கு இடம் பெயர்ந்தது.

விழிஞ்ஞத்தின் கோடு எங்கே?

இன்று கொள்ளை இடம் பெயர்வதற்குக் காலனி தேவையில்லை. கப்பலில் வேறு நாட்டுக் கொடி போதும். 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 கேரளக் கடலில் மூழ்கியது. அது பறக்கவிட்ட கொடி லைபீரியாவுடையது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். அதில் இருந்தவை 640க்கும் மேற்பட்ட கொள்கலன்கள். அவற்றுள் 13 ஆபத்தான சரக்கைக் கொண்டவை. சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே குழுமத்தின் மற்றொரு கப்பல், நீதிமன்ற ஆணைப்படி விழிஞ்ஞத்திலேயே தடுத்து வைக்கப்பட்டது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மூலதனத்தைக் கரையில் பிடிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

துறைமுகத்தின் தேவையை மறுப்பது இங்கு நோக்கமன்று. இயற்கையான ஆழமும் பன்னாட்டுக் கப்பல் பாதையின் அண்மையும் அதற்கு உண்டு. வேலைவாய்ப்பும் வருவாயும் மக்களுக்கு வேண்டியவையே. ஆனால் 2015இல் அதானி குழுமத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் எழுந்தபோது, அதற்கான கற்கள் குமரி மாவட்ட மலைகளிலிருந்தும் வந்தன. வலியதுறையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சிமெண்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மீனவர்கள் துறைமுக வாயிலில் போராடினர். கடலரிப்பைப் பற்றிய அறிவியல் ஆய்வையும் மறுவாழ்வையும் கேட்டதோடு, வானிலை எச்சரிக்கையால் கடலுக்குச் செல்ல இயலாத நாள்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் கோரினர். 2017இன் ஒக்கிப் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த கரையின் கோரிக்கை அது. புயல் நாளில் பசிக்காகக் கடலில் இறங்கும் நிலையை மாற்றக் கேட்பது, சவப்பெட்டிக் கப்பலில் ஏற மறுத்த மாலுமியின் உரிமையையே கேட்பதாகும்.

எனவே தோழர்களின் கடமைகள் தெளிவானவை. கரை எவ்வளவு அரிகிறது என்ற அளவீடு மக்கள் மொழிகளான மலையாளத்திலும் தமிழிலும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். அதை ஆராயும் குழுவில் மீனவர் சங்கப் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். ஆபத்தான சரக்கின் பட்டியல், கப்பல் புறப்படும் முன்பே மாநில அரசின் கையில் இருக்க வேண்டும். மலைகளில் எவ்வளவு கல் எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். அவ்வரம்பு குமரி மாவட்டத்துக்கும் பொருந்த வேண்டும்.

பிளிம்சாலின் காலத்தில் கோட்டின் இடத்தை நிர்ணயிக்க 14 ஆண்டுகள் ஆயின. விழிஞ்ஞத்தின் கோட்டை எங்கே வரைவது என்பதைத் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் ஒன்றாக நின்று தீர்மானிக்கட்டும். அந்த ஒற்றுமையை உருவாக்குவதே கட்சியின் பணி.