சிறுவர் கையில் அகப்பை

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



"தம்பி, பல்கலைக்கழகத்திலே படிக்கிறீர், இளைஞருக்குப் பயன்படக்கூடிய விஷயமாகப் பேசும்" என்று காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். சிறுவருக்குச் சமையல் கற்பிப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அவர் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு உண்டான ஐயம் உங்களிற் சிலருக்கும் உண்டாகலாம். ஆகவே, இவ்விஷயத்தை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதை முதலிலே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். ஐயா வெளியூர் போயிருந்தார். வைத்தியர் வந்து பார்த்து, மருந்தும் தந்து, "கஞ்சி காய்ச்சிக் கொடும்" என்று சொல்லிப் போனார். நான் குசினிக்குள் நுழைந்தேன். அரிசி எந்தப் பாத்திரத்தில் இருக்கிறதென்று தெரியவில்லை. அதைக் கண்டெடுத்த பின், எவ்வளவு தண்ணீர் விடுவதென்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அடிப்பிடித்த மணம் அம்மா படுத்திருந்த அறைவரைக்கும் போயிற்று. பக்கத்து வீட்டுச் சிறுமி, பத்து வயதுதான் இருக்கும், வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றாள். பானையை இறக்கி, வேறு அரிசி களைந்து, கஞ்சியைக் காய்ச்சி, உப்பும் அளவாகப் போட்டுத் தந்தாள். பதினைந்து ஆண்டுகள் புத்தகம் சுமந்த நான், பெற்ற தாய்க்கு ஒரு கோப்பைக் கஞ்சி காய்ச்ச வகையறியாமல், அந்தச் சிறுமிக்குப் பின்னால் கைகட்டி நின்றேன். அந்த வெட்கமே இன்று என்னை உங்கள் முன் பேச வைக்கிறது.

நான் படித்தது மிசன் பாடசாலையில். எங்களுக்கு மரவேலை கற்பித்தார்கள். கூடாரம் அடிக்கக் கற்பித்தார்கள். மனையியல் என்பது மதிலுக்கு அப்பால் இருந்த பெண்கள் பாடசாலைக்கு உரியதாக இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் அதே எண்ணந்தான் இருந்தது. ஆயினும் உலகம் அந்த எண்ணத்தைக் கடந்து போய்விட்டது. யப்பானிலே ஆரம்பப் பாடசாலையின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருந்து சோறு ஆக்கவும், மீசோ என்னும் சோயாவிழுதிற் சாறு வைக்கவும் பழகுகிறார்கள். உணவுக் கல்விக்கென்றே அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பின்லாந்திலே ஏழாம் வகுப்பில் மனையியல் இருபாலார்க்கும் கட்டாய பாடம். இங்கிலாந்திலே 2014ஆம் ஆண்டு முதல் தேசிய பாடத்திட்டத்திற் சமையலும் ஒரு பகுதியாயிற்று.

"சரி, சமையல் பழகட்டும், எங்கள் புட்டும் இடியப்பமும் போதாதா? பிறநாட்டுச் சமையல் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். முதலிற் பழகவேண்டியவை புட்டும் இடியப்பமுமே என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், அதனோடு நின்றுவிடலாகாது என்பதே என் துணிபு. காரணத்தை, எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு, சில சனிக்கிழமைகளில் நான் கண்டறிந்தவற்றாலேயே சொல்லுகிறேன். என் தாயார் சுகமடைந்த பின் எனக்குச் சமையல் கற்பித்தார். நான் கற்றதைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டேன்.

முதற் சனிக்கிழமை இத்தாலி. அந்நாட்டின் தென்கிழக்கிலே பாரி என்னும் துறைமுக நகரம் உண்டு. அங்கே பழைய தெருக்களிற் பெண்கள் வாசலிலே பலகை போட்டு, கோதுமை ரவை மாவும் நீரும் மாத்திரமே சேர்த்துப் பிசைந்து, சிறு துண்டுகளாக்கி, பெருவிரலால் அழுத்திக் காது வடிவாகச் செய்கிறார்கள். முட்டை வேண்டியதில்லை. அதன் பெயரே சிறு காதுகள் என்று பொருள்படும் 'ஒரெக்கியேத்தே' என்பது. 100 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 50 கிராம் நீர். எட்டுப் பிள்ளைகளும் எண்பது விதமான காது செய்தார்கள். அவித்தெடுத்து, உள்ளியும் கீரையும் எண்ணெயில் வதக்கிப் பிரட்டி உண்டோம். இடியப்பத்துக்கு மா குழைக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அந்த மாவின் பதம் உடனே கைக்கு வந்துவிட்டது. கைத்தொழிலுக்கு மொழி வேண்டியதில்லை என்று அன்று கண்டேன்.

இரண்டாஞ் சனிக்கிழமை எத்தியோப்பியா. தெஃப் என்னும் நுண்ணிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்து, அகன்ற ஓட்டில் வார்த்து, ஒரு பக்கம் மாத்திரம் வேகவிட்டெடுப்பது இஞ்சரா. தெஃப் கிடைக்காதபடியால் குரக்கன் மாவோடு கோதுமை மாவைக் கலந்து புளிக்க வைத்தோம். மேலே கண்கண்ணாகத் துளைகள் விழுந்ததும், "அண்ணா, இது அப்பத்தின்ரை தங்கச்சி!" என்றான் ஒருவன். அந்நாட்டார் ஒரே தட்டத்தைச் சுற்றியிருந்து உண்பார்கள். அன்புக்குரியவரின் வாயிலே தம் கையாலேயே ஒரு கவளம் ஊட்டுவதும் உண்டு. அதற்குக் குர்ஷா என்று பெயர். எங்கள் ஆச்சிமார் சோறு குழைத்து, திரளை பிடித்து, பேரப்பிள்ளைகளின் கையில் வைப்பதை நினைத்துப் பாருங்கள். படத்திலே பஞ்சத்தோடு மாத்திரம் அந்நாட்டைக் கண்ட பிள்ளைகள், அன்று அதை ஆச்சி வீடாகக் கண்டார்கள்.

மூன்றாஞ் சனிக்கிழமை மெக்சிக்கோ. அன்று நான் தோற்றுப்போனேன். ஆனால், அன்று கற்றதே பெரிது. சோள மாவை வாங்கி, நீர் விட்டுக் குழைத்து, தோத்தில்லா என்னும் ரொட்டி தட்டப் போனோம். தட்டத் தட்ட வெடித்தது. கல்லிலிருந்து எடுக்க உதிர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பின்பே புத்தகங்களைப் புரட்டினேன். மெக்சிக்கோத் தாய்மார் சோளத்தை வெறுமனே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, நன்றாகக் கழுவித் தோல் போக்கி, அதன் பின்பே அரைக்கிறார்கள். ஒரு கிலோகிராம் சோளத்துக்குப் பத்துக் கிராம் சுண்ணாம்பு அளவில் இருந்தாற் போதும். அடுத்த கிழமை அவ்வாறே செய்தோம். சுண்ணாம்பைப் பிள்ளைகள் தொட நான் விடவில்லை. மா ஒட்டிப் பிடித்தது. ரொட்டி பொங்கி எழுந்தது.

சபையோரே, இந்தச் சுண்ணாம்பிலே ஒரு பெரிய சரித்திரம் அடங்கியிருக்கிறது. கொலம்பஸ் 1492இல் அமெரிக்கக் கரையை அடைந்த பின், ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். தானியத்தைக் கொண்டுபோனவர்கள், அதை ஆக்கிய பெண்களிடம் ஆக்கும் முறையைக் கேட்டறிந்து போகவில்லை. சுண்ணாம்பிட்டு அவிக்கும் வழக்கம் கடல் கடக்கவில்லை. பின்னர் சோளமே உணவாகக் கொண்ட ஏழைகளிடம் ஒரு கொடிய நோய் பரவிற்று. தோல் வெடித்து, வயிறு கெட்டு, ஈற்றிலே சித்தமும் கலங்கிப் பலர் மாண்டார்கள். ஸ்பெயினிலே கஸ்பார் கசால் என்னும் வைத்தியர் 1735இல் அந்நோயைக் கண்டு எழுதினார். இத்தாலியர் அதற்குப் பெலாக்ரா என்று பெயரிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையால் வருவது என்பதை 1914 முதல் ஆராய்ந்து காட்டியவர் யோசப் கோல்ட்பேர்கர். குறைந்த பொருள் நையாசின் என்னும் விற்றமின் என்பது 1937இல் வெளியாயிற்று. சோளத்திலே அப்பொருள் உடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்த்துவிடுகிறது. விஞ்ஞானம் பெயரிடுமுன்பே, எழுத்தறியாத தாய்மார் பல தலைமுறையாக அதைக் கையிலே வைத்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். பிறர் உணவை ருசி பார்ப்பது வேறு. அதை ஆக்கப் பழகுவது வேறு. ருசி பார்ப்பவன் 'நல்லது', 'கெட்டது' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறான். ஆக்கப் பழகுபவன் 'ஏன்?' என்று கேட்கிறான். கேட்பவன் பிறரை இகழமாட்டான். இந்தப் பணிவைப் புத்தகத்தால் மாத்திரம் ஊட்ட முடியாது.

இனி, பெரியோர்களின் தடைகளுக்கு விடை கூற வேண்டும். 'அந்நிய உணவு எங்கள் ஆசாரத்துக்கு ஒவ்வாதே' என்பது ஒன்று. நான் சொன்ன மூன்றும் மரக்கறி உணவுகளே. அன்றியும், எங்கள் கறிக்கு உறைப்பைத் தரும் மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. காலையில் உண்ணும் பாணும், அதை வைக்கும் குசினியும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். வந்தவற்றையெல்லாம் எங்கள் கைப்பக்குவத்தால் எங்களுடையவையாக்கிக் கொண்டவர்கள் நாங்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சவேண்டியதில்லை.

'நெருப்பும் கத்தியும் ஆபத்தல்லவா' என்பது மற்றொன்று. ஆபத்துத்தான். ஆகவே வரிசையாகப் பழக்க வேண்டும். சின்னஞ்சிறியவர் கழுவவும் உரிக்கவும் குழைக்கவும் செய்யட்டும். சற்று வளர்ந்தோர் பெரியவர் பக்கத்தில் நிற்கக் கத்தியைப் பிடிக்கட்டும். பத்து வயதுக்கு மேலேதான் அடுப்பு. எவராயினும், ஆக்கியவர் முதலிற் பிறருக்குப் பரிமாறிவிட்டுத் தாம் உண்ணவேண்டும். பானையையும் அவரே கழுவவேண்டும். இந்தக் கடைசி விதி ஆண்பிள்ளைகளுக்கு விசேடமாகப் பொருந்தும்.

இச்சங்கத்தை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. எமது மண்டபத்தின் பின்விறாந்தை சனிக்கிழமைகளிற் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்துவிடுங்கள். இரண்டு அடுப்பும், நாலு சட்டியும், பொறுமையுள்ள தாய்மார் இருவரும் போதும். முதல் மாதம் கஞ்சியும் புட்டும். அதன் பின் மாதம் ஒரு நாடு. பொருட்செலவு மாவும் கீரையும்தான். ஆண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டிலே தாய் ஒருத்தி காய்ச்சலாய்ப் படுக்கும்போது, வேலிப் பொட்டை எதிர்பார்த்து அவர்கள் நிற்கக்கூடாது.