காஞ்சியில் அரங்கேறிய அபிநயம்



தறியொலியும் கோயில் மணியொலியும் கலந்தொலிக்கும் இக்காஞ்சி மாநகரில், அம்மனாட்சி அம்மன் கோயிலில், 1925ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நடன அரங்கேற்றம் நிகழ்ந்தது. வீணை தனம்மாளின் பேர்த்தி, ஜெயம்மாளின் மகள், நட்டுவனார் கந்தப்ப பிள்ளையின் மாணவி. பின்னாளில் உலகம் போற்றிய பாலசரஸ்வதி அவரே.

இசைக்குடியிற் பிறந்த அவருக்கு ஆடலும் பாடலும் வேறல்ல, ஆடிக்கொண்டே பாடுவார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் அபிநயம் பயின்றார். 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் கன்னடப் பாடல் அவரால் பெரும்புகழ் எய்தியது. அதன் பொருள், கண்ணா விரைந்து வா என்பதே. எளிய அழைப்புத்தான். ஆயின் அவ்வடி மீண்டும் மீண்டும் இசைக்கப்பெறும்போது, கொஞ்சலாகவும் கெஞ்சலாகவும் பொய்க்கோபமாகவும் அவர் முகத்தில் அது புதிது புதிதாய்ப் பிறந்தது. ஒரு சொல்லின் உள்ளே எத்தனை சொற்கள் உறைகின்றன என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1961இல் தோக்கியோவிலும் 1962இல் அமெரிக்காவிலும் மொழியறியாதாரும் அதனைச் சுவைத்தனர்.

இத்தகைய கலை பிறந்த குலத்தின்மீது பழி படர்ந்த காலம் அது. 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம், பெண்மக்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. அதன் நன்னோக்கத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதையும் அச்சட்டம் குற்றமாக்கிற்று. காஞ்சியில் அச்சிறுமி ஆடியதுபோல் இன்னொரு சிறுமி ஆட இயலாதாயிற்று. கலையைத் தூய்மை செய்கிறோம் என்று சிருங்காரத்தை ஒதுக்க முனைந்தோரும் இருந்தனர். சிருங்காரமே அபிநயத்தின் உயிர், அதனைத் தூய்மைப்படுத்த ஏதுமில்லை என்பதில் பாலசரஸ்வதி இறுதிவரை உறுதியாய் நின்றார். பிடிவாதம் என்றோரும் உண்டு. அப்பிடிவாதம் இன்றேல் பதங்கள் பல மறைந்திருக்கும்.

1973இல் சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, நாட்டியக் கச்சேரியைக் கோயிலாகவே உருவகித்தார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெருமண்டபம், வர்ணம் இறைவனின் திருமுன்றில். அதனையும் கடந்து கருவறையின் தண்மைக்குள் புகுவதே பதம் என்றார். தில்லானா, இறுதியில் ஏற்றும் கற்பூரம்.