பச்சைக்கு முன் மண்

நன்றி கூறும் பொறுப்பை அதற்கென்று இருப்பவரிடமே விட்டுவிட்டு நேரே பொருளுக்கு வருகிறேன். தலைமையுரை நீண்டால் முதல் அமர்வின் நேரத்தைத்தான் தின்னும்.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய நிலத்தைச் சீரமைத்தோம் என்று சொல்பவர்கள், பெரும்பாலும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். கன்றை எண்ணுமுன் அதன் கீழுள்ள மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதற்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் மாண்டார்கள். ஐந்தாண்டு கழித்து, 1977 ஆகஸ்ட் 3 அன்று, திறந்தவெளிச் சுரங்கங்களுக்கான கூட்டாட்சிச் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அதன்படி மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும். மலையை ஏறத்தாழ அதன் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். விதைத்த பயிர் நிலைத்ததா என்று ஐந்தாண்டு, மழை குறைந்த பகுதியில் பத்தாண்டு பார்த்த பிறகே அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வரும். நல்ல சட்டம்தான், நம் நாட்டுக்கும் இப்படியொன்று வேண்டும் என்று நானே பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

ஆனால் களத்தில் நடந்தது வேறு. சரிவு இடிந்துவிடக் கூடாது, மண் அரிக்கக் கூடாது என்ற கவலையில் புல்டோசர்களை மேலும் கீழுமாக ஓட்டி நிலத்தை மழுக்கினார்கள். மண் கல்லாக இறுகியது. அதன்மேல் வேகமாகப் படரும் அயல்புல்லை விதைத்தார்கள். புல் முளைத்தது, அரிப்பு நின்றது, ஆய்வாளர் திருப்தியடைந்தார், பிணைத்தொகையும் திரும்பியது. ஓக்கும் ஹிக்கரியும் நின்ற மலைகளில் அந்த மரங்களின் வேர் இறங்க இடமில்லாமல் போயிற்று. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தார் 1990களில் ஸ்டார்ஃபயர் சுரங்கத்தில் மண்ணை இறுக்காமல் தளர்வாகக் கொட்டி மரம் வளர்த்துக் காட்டினார்கள். 2004இல் கூட்டாட்சி, மாநில அதிகாரிகள் சேர்ந்து அந்த முறையைப் பரப்பத் தொடங்கினார்கள்: மேலே நாலடிக்கு இறுகாத மண், அதில் அந்த மண்ணுக்குரிய மரங்கள். புல்டோசர் ஓட்டம் குறைவதால் செலவும் குறைவு. இதைக் கண்டுகொள்ள ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதை நம் பொறியாளர்கள்தான் விளக்க வேண்டும்.

காட்டுயிர்க் கதை இன்னும் சிக்கலானது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எல்க் மான் அற்றுப்போயிருந்த கென்டக்கியில், 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 1,500 எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சுரங்கப் புல்வெளிகளில் அவை பெருகின. இன்று சுற்றுலாவும் நடக்கிறது. புல்வெளிச் சிட்டுகள் சிலவும் அங்கே கூடு கட்டின. இவற்றைப் பழிக்க மாட்டேன். ஆனால் தொடர்காட்டை நம்பி வாழும் செருலியன் வார்ப்ளர் என்ற சிறு நீலக்குருவிக்கு அந்தப் புல்வெளியில் வேலையில்லை. பள்ளத்தாக்கில் கொட்டிய கழிவின் கீழ் ஓடை புதைந்த இடத்தில் சாலமாண்டருக்கு வீடில்லை. ஆகவே, விலங்கு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த விலங்கு என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. நெய்வேலியில் 1957இல் தோண்டத் தொடங்கிய பழுப்பு நிலக்கரி, முந்திரியும் நெல்லும் விளைந்த நிலத்தின் அடியில் கிடக்கிறது. மேல்மண்ணைத் தனியே காக்காமல் கொட்டினால், ஆழத்து மணலும் களியும் மேலே வந்துவிடும். அதில் தைலமரம் வளர்வதைக் கண்டு மண் மீண்டதாக நினைப்பது தவறு. அங்கே நீரும் சேர்ந்த சிக்கல் உண்டு. நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்தில் நிற்கும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். எனவே மண்ணியலாளர் தனியாகவும் நீரியலாளர் தனியாகவும் கட்டுரை படித்துவிட்டுப் போனால் பயனில்லை.

விதிகளும் இல்லாமலில்லை. சுரங்க மூடல் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டை நிலக்கரி அமைச்சகம் 2009இல் கொண்டுவந்தது. தோண்டிய நிலத்தில் கால்நடைக்கும் காட்டுயிருக்கும் தீவனமாகப் புல் வளர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் பணித்தது. ஆணையின் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் காடாக இருந்த இடத்திலும் புல்லே போதுமான அளவுகோலாகிவிட்டால், கென்டக்கி நாற்பது ஆண்டுக்கு முன் செய்ததை நாம் இங்கே புதிதாகச் செய்து முடிப்போம்.

இந்த இரு நாள் அமர்வுகளில் கட்டுரை படிப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தோண்டுமுன் அந்த நிலத்தில் என்னென்ன செடியும் உயிரும் இருந்தன என்ற பட்டியல் உங்களிடம் உண்டா, அதை எடுத்தவர் நிறுவனத்தின் சம்பளக்காரரா வெளியாளா என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பட்டியல் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். ஒப்பிட அளவில்லாத இடத்தில் வெற்றி என்ற சொல்லைத் தவிர்த்துவிடலாம்.

கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, மேல்மண் சேமிப்பு குறித்த முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.