மேலிடத்துப் பூசலும் நம் முன்னோரின் மனுவும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அரசர்களையும் வெள்ளைக்கார அதிகாரிகளையும் பற்றிப் பேச வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். திருவிதாங்கூர் மன்னரை எவ்வாறு நடத்துவது என்பது பற்றி ஆங்கில அதிகாரிகள் தமக்குள் கொண்ட கருத்து வேறுபாடு, நம் குடிசைகளின் வாழ்வைத் தொட்ட வரலாறு ஆகும். அதனால்தான் இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று தென் திருவிதாங்கூர். 1795, 1805 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்புக்கு உட்பட்டது. ஆண்டொன்றுக்கு எட்டு இலட்சம் ரூபாய் கப்பம் செலுத்த வேண்டும். ஆட்சியில் கம்பெனியின் அறிவுரையைக் கேட்க வேண்டும். அந்த அறிவுரையைக் கூற அரசவையின் அருகிலேயே 'ரெசிடெண்ட்' என்னும் அதிகாரி இருந்தார். அரியணை மன்னருடையது, அதன் கால்களுள் ஒன்று கம்பெனியுடையது.

அந்த நாட்டில் நம் மக்களின் நிலை யாது? 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12,80,000 மக்களுள் 1,65,000 பேர் அடிமைகள். புலையரும் பறையருமே அவர்களுள் பெரும்பாலோர். நிலத்தை விற்றால் நிலத்தோடு விலைபோயினர். அரசே அடிமைகளை உடைமையாக வைத்திருந்து, நிலக்கிழார்களுக்குக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. அடிமைகள் அல்லாத ஒடுக்கப்பட்டோருக்கும் தடைகள் பலவாக இருந்தன. பெண்கள் மேலாடை அணிதல் குற்றமாகக் கருதப்பட்டது.

இந்நிலையில்தான் அதிகாரிகளின் கருத்துகள் பிரிந்தன. 1810இல் ரெசிடெண்டாக வந்து, அடுத்த ஆண்டு முதல் திவானாகவும் பொறுப்பேற்ற கர்னல் ஜான் மன்றோ, அரசின் உள்விவகாரங்களில் கைவைக்கத் தயங்காதவர். அவர் காலத்தில், 1812இல், அடிமைகளைத் தனித்து வாங்கி விற்பதற்குத் தடை பிறந்தது. ஆனால் நிலத்தோடு பிணைந்த அடிமைகள் தடைக்கு வெளியே நின்றனர். கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்ற அனுமதியும் அவர் காலத்தில்தான் வந்தது.

1840இல் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் வில்லியம் கல்லென் வேறு போக்கினர். இருபது ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார். அரசவையோடும், தமக்கு வேண்டியவராயிருந்து திவானாகிய கிருஷ்ணராவோடும் நெருங்கிய நட்புப் பூண்டார். 'மன்னர் நம் நண்பர். பழைய வழக்கங்களில் தலையிட்டால் நாட்டின் அமைதி குலையும்' என்பது அவரது கொள்கையின் சாரம். அவருக்கும் நீதி வழங்குதல் நம் கடமை. அடிமை முறையை நீக்கும்படி அரசவைக்கு அவரும் எடுத்துரைத்தவரே. மிஷனரிகளின் 1847ஆம் ஆண்டு மனுவும், கம்பெனி ஆட்சிப் பகுதியில் 1843இலேயே வந்துவிட்ட சட்டமும், தொடர்ந்த வற்புறுத்தலும் சேர்ந்து பயன் தந்தன. 1853இல் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் விடுதலை பெற்றனர். 1855 ஜூன் மாதத்தில் அரசு அடிமைகள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

ஆயினும் அதே 1855இல், திருவிதாங்கூர் ஆட்சியின் சீர்கேடுகளை விசாரிக்கக் குழு அமைக்க வேண்டுமென்று மிஷனரிகள் சென்னை அரசிடம் முறையிட்டபோது, கல்லென் அதற்கு உடன்படவில்லை. குழுவும் அமையவில்லை. ஆனால் கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, ஆட்சியைத் திருத்திக்கொள்ளாவிடில் நாடே பறிபோகும் என்னும் பொருள்பட மன்னருக்கு எச்சரிக்கை விடுக்கச் செய்தார். ஒரே கம்பெனி, ஒரே மன்னர், திருவனந்தபுரத்தில் ஒரு குரல், கல்கத்தாவில் வேறொரு குரல்!

1858 நவம்பரில் விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை வெளிவந்தது. குடிமக்களின் சமயத்தில் அரசு தலையிடாது என்று அது உறுதி கூறியது. இனி நம்மைக் கேட்பார் இல்லை என்று மேல்சாதியார் அதற்குப் பொருள் கொண்டனர். சந்தைக்கு வந்த நாடார் பெண்களின் தோள்சீலை கிழிக்கப்பட்டது. வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. பள்ளிக்கூடத்தை ஏன் எரித்தார்கள் என்பதை மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். திவான் மாதவராவ் அவ்வாண்டு டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சட்டத்தைக் கையில் எடுக்கலாகாது என்று மேல்சாதியாரை அது எச்சரித்தது. ஆனால் இசைவின்றிப் பழைய வழக்கத்தை மீறியது தவறு என்று தாக்குண்டவர்களையும் சாடியது. மேலாடையைத் தடுத்த 1829ஆம் ஆண்டு அரச ஆணையே அதற்கு ஆதாரம். கல்லெனும் திவானின் பக்கமே சாய்ந்தார்.

1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். முறையீடுகள் அவரது மேசைக்குச் சென்றன. அவர் கல்லெனுக்கு எழுதிய மடல் கடுமையானது. உண்மையும் நீதியும் மனிதத் தன்மையும் இவ்வளவு முழுமையாக ஒரே பக்கம் நிற்கும் வழக்கைத் தாம் அரிதாகவே கண்டதாகவும், இதில் உறுதி காட்டாவிடில் நாகரிக உலகம் நம்மை இகழும் என்றும் அவர் எழுதினார். அதன் விளைவாக 1859 ஜூலை 26ஆம் நாள் புதிய அரச ஆணை பிறந்தது. எந்தச் சமயத்தைச் சார்ந்த நாடார் பெண்ணும் குப்பாயம் அணியலாம். மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். மறு ஆண்டு கல்லென் பதவியை விட்டு விலகினார். டிரெவெல்யனும் நீடிக்கவில்லை. கல்கத்தாவின் வரிக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்ததற்காக அதே 1860இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார்.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது யாது? டிரெவெல்யன் நல்லவர், கல்லென் தீயவர் என்று கூறிவிட்டு எழுந்து போவது எளிது. அது போதாது. பேரரசின் நற்பெயரைக் காப்பது ஒருவரின் கவலை; நட்பு மன்னரின் மனம் கோணாமல் காப்பது மற்றவரின் கவலை. எட்டு இலட்சம் கப்பத்தை இருவருள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலிடத்தில் விளைந்த அந்தப் பிளவில் கீழிருந்து ஒரு மனு நுழைந்தது. அதுவே பலன் தந்தது.

அந்த மனு எங்கிருந்து வந்தது? 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவர் வருவதற்குக் காரணமாயிருந்தவர் அவ்வூரின் சாம்பவர் குலத்து மகராசன் வேதமாணிக்கம். அன்று தூவிய எழுத்து விதை, அரை நூற்றாண்டு கழித்து ஆளுநரின் மேசையில் முறையீடாக முளைத்தது என்றால் மிகையன்று.

ஆனால் மனு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கே ஆணையும் வந்தது. 1859ஆம் ஆண்டு ஆணையில் புலையர் பெண்ணின் பெயரோ பறையர் பெண்ணின் பெயரோ இல்லை. பின்னர் அவ்வுரிமை பிற சாதியார்க்கும் நீட்டப்பட்டபோதும், அது பெரும்பாலும் தாளிலேயே நின்றது. கழுத்தில் கல்மாலையைச் சுமந்த புலையர் பெண்கள் அதை அறுத்தெறிய 1915ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கும் அய்யன்காளியார் என்னும் நம்மவர் ஒருவர் எழ வேண்டியிருந்தது. தமக்கு எழுத்தறிவு வாய்க்காத அப்பெருமகனார், 1907இல் சாது சன பரிபாலன சங்கம் கண்டு, நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். எழுத்தின் விலையை எழுதத் தெரியாதவரே நன்கு உணர்ந்திருந்தார்!

ஆளும் இடங்களில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு, என்றும் இருக்கும். ஓர் அதிகாரி இணங்குவார், மற்றொருவர் மறுப்பார். அவர்களுள் நல்லவர் வருவார் என்று வாயிலில் காத்துக் கிடப்பது நம் வேலையாகாது. எவர் வந்தாலும் மறுக்க முடியாதபடி நம் வழக்கை நாமே எழுதி மேசைமேல் வைக்கும் ஆற்றல் வேண்டும். அந்த மேசைக்கு அப்பால் அமர்ந்து கோப்பைப் படிக்கும் கையும் நம் பிள்ளைகளின் கையாக இருத்தல் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றிவரும் விளக்கு அதற்காகவே எரிகிறது.

அவ்விளக்கு மேலும் சுடர்விட்டு ஒளிர்க!