கல்லூரிப் பிரவேசமும் நமது கல்வி நிதியும்



2020-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கத்தார், தம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்லூரி ஸ்தானங்களில் நூற்றுக்கு 7.5 ஒதுக்கினர். தனியார் கல்லூரிகளில் இடம் பெற்ற ஏழைப் பிள்ளைகள் சிலர் பணம் கட்ட வகையின்றித் திரும்பினர். அதன் பின்னரே, அவ்வருஷம் நவம்பரில், அரசாங்கத்தாரே அதனைச் செலுத்துவதாக அறிவித்தனர்.

நாம் செய்வது யாது? பொறியியல் கலந்தாய்வு ஆடியில் நடைபெறுகிறது. நமது உபகாரச் சம்பளமோ தை மாத விழாவில், மாலை மரியாதைகளுடன் கொடுக்கப்படுகிறது. (புகைப்படத்திற்கு நாமும் நின்றவர்களே.) சென்ற வருஷம் நம்மவர் வீட்டுப் பெண்ணொருத்தி, இடம் கிடைத்தும் விடுதி முன்பணமின்றி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவளுக்கும் தையில் பதக்கம் அளித்தோம்!

ஆகையால் அத்தொகையை இவ்வருஷம் முதல் ஆனியிலேயே கொடுத்துவிடுமாறு காரியக் கமிட்டியாரை வேண்டுகிறோம். பதக்கம் தையில் இருக்கட்டும்.