பின் எண் போடும் முன் படியுங்கள்

(தில்லி திரிலோக்புரியில் கற்போர் கூட்டம் ஒன்று நடந்தது. தள்ளுவண்டிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். அதில் தொண்டர் ஒருவர் பேசியது.)

 

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டேன். காலையில் அம்மாவோடு இட்லி வண்டியில் நிற்கிறேன். சாயங்காலம் உங்களோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லித் தருகிறேன். அதனால் எனக்குத் தெரிந்த வியாபாரத்தைப் பற்றியே பேசுகிறேன். போனில் பணம் வாங்குவது எப்படி? பில் போடுவது எப்படி? கணக்கு வைப்பது எப்படி? இதுதான் இன்றைய பேச்சு.

அட்டை வந்த கதை

நம் வண்டியில் கறுப்புக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. அதை க்யூஆர் கோடு என்கிறோம். அது என்ன? அது நம் வங்கிக் கணக்கின் விலாசம். வாடிக்கையாளரின் போன் அந்த விலாசத்தைப் படிக்கிறது. அவர் தொகையைப் போடுகிறார். தன் பின் எண்ணைப் போடுகிறார். அவர் வங்கியிலிருந்து நம் வங்கிக்குப் பணம் வருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு யூபிஐ என்று பெயர். 2016 ஏப்ரலில் இது தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது சில்லறைக்கு நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பிறகு மெல்ல மெல்ல எல்லா வண்டியிலும் அட்டை வந்தது. 2025 ஆகஸ்டு மாதம் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடி தடவைக்கு மேல் இப்படிப் பணம் கைமாறியது.

ஒரு அக்கா கேட்டார்: "இதற்குக் கமிஷன் உண்டா?" வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்துக்கு நம்மிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது. 2020 ஜனவரி முதல் இந்த விதி இருக்கிறது. ஆனால் "இத்தனை ரூபாய் வந்தது" என்று பேசும் பெட்டிக்கு மாத வாடகை இருக்கலாம். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அம்மா ஏமாந்த கதை

இப்போது வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். சொல்ல அம்மாவே அனுமதி கொடுத்தார். "நான் பட்டது போதும், மற்றவர்கள் படக் கூடாது" என்றார்.

அப்போது அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு நாள் போன் வந்தது. இந்தியில் ஒருவர் பேசினார். "ஆபீசில் விருந்து. 150 இட்லி வேண்டும். முன்பணம் அனுப்புகிறேன்" என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பினார். "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள். பணம் வந்துவிடும்" என்றார்.

அம்மா போட்டார். பணம் வரவில்லை. கணக்கில் இருந்த 4,800 ரூபாய் போய்விட்டது. அது அரிசிக்கும் சீட்டுக்கும் வைத்திருந்த பணம்.

திரும்பக் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. யாரிடம் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து வங்கிக்குப் போனோம். பணம் திரும்பவில்லை.

பின் எண் போடும் முன் திரையில் என்ன எழுதியிருந்தது? பணம் அனுப்புவதாகத்தான் எழுதியிருந்தது. யாருக்குப் போகிறது என்று பெயரும் இருந்தது. எவ்வளவு என்று எண்ணும் இருந்தது. எல்லாம் இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் என் தாத்தா கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. இந்தக் காலத்தில் பின் எண்தான் நம் கைநாட்டு. பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைக்கக் கூடாது. திரையைப் படிக்காமல் பின் எண் போடக் கூடாது.

நினைவில் வையுங்கள்

பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும். பணம் வாங்கப் பின் எண் வேண்டாம். பணம் வருவதற்குப் பின் எண் கேட்டால் அது மோசடி.

பின் எண்ணையும் போனில் வரும் ஓடிபி எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள். "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்றாலும் சொல்லாதீர்கள்.

வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். படத்தைப் போலியாகச் செய்ய முடியும். உங்கள் போனைப் பாருங்கள். அல்லது பெட்டி பேசட்டும்.

தினமும் காலையில் அட்டையைப் பாருங்கள். மேலே வேறு யாராவது தங்கள் அட்டையை ஒட்டியிருக்கலாம். முதல் வாடிக்கையாளரின் போனில் உங்கள் பெயர் வருகிறதா என்று கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் தடுத்து வைக்க வழி உண்டு. நேரம் போனால் பணமும் போகும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பில் எழுதுவோம்

இப்போது அம்மா படிக்கிறார். சொந்தமாகப் பில் எழுதுகிறார். போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்துக்கு இப்படி எழுதினார்:

இட்லி 60, ஒன்று 8 ரூபாய் – 480
வடை 20, ஒன்று 12 ரூபாய் – 240
மொத்தம் – 720
முன்பணம் – 300
பாக்கி – 420

மேலே பில் எண், தேதி, வாங்கியவர் பெயர். கீழே கையெழுத்து. இவ்வளவுதான் பில்.

இதையே போனில் போடவும் ஆப்கள் இருக்கின்றன. சிலவற்றில் தமிழும் உண்டு. பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை ஆகியவற்றை நாம் போட வேண்டும். ஆப் பெருக்கிக் கூட்டிவிடும். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். யார் பாக்கி என்றும் காட்டும். நல்ல வசதிதான். ஆனால் 8 என்பதற்குப் பதிலாக 80 என்று போட்டால், ஆப் 80ஐத்தான் பெருக்கும். அது தப்பு என்று அதற்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும். அனுப்பும் முன் ஒரு தடவை படியுங்கள்.

இரவில் ஐந்து நிமிடம்

கடை மூடிய பிறகு ஐந்து நிமிடம் உட்காருங்கள். எங்கள் வீட்டு நோட்டில் ஒரு நாள் கணக்கு இது:

போனில் வந்தது – 1,860
கையில் வந்தது – 740
மொத்த விற்பனை – 2,600
அரிசி, உளுந்து, கேஸ், மற்ற செலவு – 1,450
மிச்சம் – 1,150

போன் முதல் வரியை மட்டும்தான் சொல்லும். மற்ற நான்கு வரியையும் நாம்தான் எழுத வேண்டும்.

"போனிலேயே எல்லாம் இருக்கிறதே, நோட்டு எதற்கு?" என்று ஒரு அண்ணன் கேட்டார். பெங்களூரில் நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஜூலையில் கர்நாடக வரித் துறை, யூபிஐயில் வந்த பணத்தைப் பார்த்து, பல சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் விற்பவர்களுக்கும் போனது. பயந்துபோய்ச் சிலர் அட்டையைக் கழற்றினார்கள். "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். பிறகு அரசு இறங்கி வந்தது. காய்கறி, பால் போன்ற வரி இல்லாத பொருளை விற்றவர்கள் பழைய பாக்கி கட்ட வேண்டாம் என்று சொன்னது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பணமும் அதே கணக்கில் வரும். சீட்டுப் பணமும் வரும். இட்லி விற்ற பணமும் வரும். வங்கிச் சீட்டில் எல்லாம் வரவுதான். எது விற்பனை, எது கைமாற்று என்று நம் நோட்டுதான் சொல்லும். கேள்வி வந்தால் நோட்டைக் காட்டலாம். முடிந்தால் வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

ஜிஎஸ்டி என்றதும் பயப்பட வேண்டாம். தில்லியில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு வேண்டும். சேவைத் தொழிலுக்கு இது 20 லட்சம். சமைத்து விற்பவர்களும் 20 லட்சத்தையே நினைவில் வையுங்கள். 20 லட்சம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 5,500 ரூபாய். உங்கள் விற்பனை எவ்வளவு? நோட்டு இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு இருந்தால் கடனும் கிடைக்க வழி உண்டு. தெரு வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு பி.எம். ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. முதல் கடன் அப்போது 10,000 ரூபாய். 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து அதிகம் கிடைக்கும்.

முடிவாக ஒரு செய்தி. போன மாதம் ஒரு பையன் எங்கள் வண்டியில் சாப்பிட்டான். "பணம் போட்டுவிட்டேன், ஆன்ட்டி" என்று போனைக் காட்டினான். பெட்டி பேசவில்லை. அம்மா தன் போனை எடுத்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "வரவில்லை, தம்பி" என்றார். அவன் மறுபடி பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு 60 ரூபாயை நோட்டாகக் கொடுத்தான்.

60 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் அன்று இரவு நோட்டில் அதை எழுதும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீங்களும் இன்று இரவே ஒரு பக்கம் எழுதுங்கள். நாளை கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.